குறைமாதக் குழந்தைக்கு ஒரு குரோஷா பொம்மை

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் பாட்டிமாரும் அத்தை, சித்திமாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “குழந்தைக்கு எங்கள் கையால் ஏதேனும் செய்து தரலாமா?” குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்தோருக்கு உகந்தது, சுருள் கால்கள் எட்டு உடைய ஆக்டோபஸ் பொம்மை. அதனைப் பற்றி இங்கு விளக்குகிறோம்.

எதற்காக இந்தப் பொம்மை?

2013ஆம் ஆண்டு டென்மார்க்கில், குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்காகத் தன்னார்வலர்கள் இத்தகைய பொம்மையைப் பின்னினர். பின்னர் அவ்வழக்கம் பல நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் பரவியது. கருவறையில் தொப்புள்கொடியைத் தொட்டுப் பழகிய குழந்தைக்குச் சுருள் கால்கள் அதை நினைவூட்டக்கூடும் என்பது அவர்களுடைய எண்ணம்.

உள்ளங்கையில் படுவதை இறுகப் பற்றுவது பச்சிளங்குழந்தையின் இயல்பு. உணவுக் குழாயையும் கருவிகளின் கம்பிகளையும் அது இழுத்துவிடுவது உண்டு. பற்றிக்கொள்ள வேறொன்று இருந்தால் இது குறையலாம். ஆயினும், இப்பொம்மை சுவாசத்தையோ இதயத் துடிப்பையோ சீராக்கும் என்பது இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. எனவே இதனை அன்பின் அடையாளமாகக் கொள்ளுங்கள், மருந்தாகக் கொள்ளாதீர்கள்.

பின்னும் முறை

நூறு விழுக்காடு பருத்தி நூலையே பயன்படுத்துங்கள். கம்பளி நூலின் இழைகள் உதிர்ந்து குழந்தையின் மூக்கிலும் வாயிலும் புகக்கூடும். நூல் சாயம் போகாததாக இருக்கவேண்டும்.

தலையை வட்டமாக, நெருக்கமான ஒற்றைக் குரோஷா பின்னலில் அமையுங்கள். பின்னலின் இடைவெளியில் குழந்தையின் விரல் நுழையவோ உள்ளிருக்கும் பஞ்சு வெளிவரவோ கூடாது. உள்ளே நிரப்ப, துவைக்கத்தக்க புதிய பாலியெஸ்டர் பஞ்சு ஏற்றது. இலவம்பஞ்சும் பழைய துணித் துண்டுகளும் வேண்டாம்.

கால்களுக்குச் சங்கிலிப் பின்னல் இட்டு, திரும்பி வருகையில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு அல்லது மூன்று பின்னல்கள் இடுங்கள். கால் தானே சுருளும். இழுத்து நீட்டிய நிலையிலும் ஒரு காலின் நீளம் 22 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. நீண்டால் கழுத்திலோ கையிலோ சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு.

கண்களையும் வாயையும் நூலால் தையலிட்டே அமைக்கவேண்டும். பொத்தான், மணி, ஜிகினா, நாடா ஆகியவற்றைத் தவிருங்கள். முடித்தபின் ஒவ்வொரு காலையும் பலமாக இழுத்துப் பாருங்கள். தளர்வு தெரிந்தால் பிரித்து மீண்டும் பின்னுங்கள்.

குழந்தையிடம் சேர்ப்பதற்கு முன்

பொம்மையை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்து, நன்கு உலர்த்தி, தூய உறையிலிட்டுச் செவிலியரிடம் ஒப்படையுங்கள். நீங்களாகவே இன்குபேட்டருக்குள் வைத்துவிடாதீர்கள். குழந்தையின் உடல்நிலையைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். சில குழந்தைகளுக்குச் சிறிது காலம் காத்திருக்க நேரும். இரண்டு பொம்மைகள் பின்னினால், ஒன்று துவைக்கப்படும்போது மற்றொன்று உதவும்.

வீடு திரும்பியபின் ஒன்றை மறவாதீர்கள். இங்கு கருவிகளும் செவிலியரும் இரவுபகலாகக் குழந்தையைக் கண்காணிக்கின்றனர். வீட்டில் அவ்வாறு இயலாது. ஆகவே முதல் ஓராண்டுக்கு, குழந்தை உறங்கும் தொட்டிலிலும் படுக்கையிலும் இந்தப் பொம்மை உட்பட மென்மையான பொம்மை எதையும் வைக்கக்கூடாது. குழந்தை விழித்திருக்கையில், உங்கள் பார்வையில் மட்டும் கொடுங்கள்.

பின்னத் தெரியாதோர் வருந்த வேண்டியதில்லை. குழந்தையை மார்போடு தோல்படச் சேர்த்தணைக்கும் கங்காரு பராமரிப்பின் பயன் ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட்டது. பிறந்த உடனேயே அதனைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தாயால் இயலாத வேளையில் தந்தையும் பாட்டியும் அதனைச் செய்யலாம். எப்போது, எவ்வாறு என்பதைச் செவிலியரிடம் கேளுங்கள், உடனிருந்து கற்றுத்தருவோம்.