ஓடுகிற தண்ணீருக்குத் தோஷம் இல்லையா?

“ஓடுத தண்ணிக்கு ஏது டாக்டர் தோஷம்?” நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி என் காதில் விழுகிற கேள்வி இது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி மேல் நம் ஜனங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை!

அந்த நம்பிக்கை முழுப் பொய்யும் அல்ல. ஆறு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் கொண்டு நல்ல பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. ஆனால், எதற்கும் ஓர் அளவு உண்டல்லவா? நம்ம ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய பிராணவாயு சுமார் 8 மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் சாக்கடையின் அழுக்கைத் தீர்க்கவோ பொதுவாக 200 மில்லிகிராம் வேண்டும். எட்டு ரூபாய் சம்பாத்தியத்தில் இருநூறு ரூபாய் கடனை அடைக்க முடியுமா? பிராணவாயு தீர்ந்ததும் மீன்கள் செத்து மிதக்கும்; தண்ணீர் கறுத்து நாறும்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கேட்டு வருகிறார்கள். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். காமாலையில் ஒரு வகையும், டைபாய்டும், காலராவும் பரவுவது மலம் கலந்த தண்ணீரால்தான். அந்த வழியை அடைக்காமல் மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன்?

சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது?

முதலில் கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக் எல்லாம் தடுக்கப்படும். பிறகு மணல் நீக்கப்பட்டு, தொட்டியில் கசடு அடியில் படியும். அடுத்ததுதான் முக்கியமான கட்டம். காற்றை விடாமல் செலுத்தி, அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களைப் பெருக்குகிறார்கள். ஆறு பல மைல் ஓடிச் செய்கிற வேலை இங்கே சில மணி நேரத்தில் முடிகிறது! 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. கடைசியில் குளோரின் கலந்து கிருமிகளைக் கொல்வார்கள்.

தெளிவாகத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குளிக்கிற ஆற்றுநீரிலேயே 100 மில்லிலிட்டருக்கு மலக் கிருமிகள் 2500-க்கு மேல் இருக்கக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நெல்லைக்கு ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் பாதாளச் சாக்கடையில் சேராத வீட்டுக் கழிவு அங்கே எப்படிப் போகும்? ஓடை, வாய்க்கால் வழியாக நேரே ஆற்றுக்குத்தான் போகும்.

நீங்கள் செய்யவேண்டியவை:

* தெருவில் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் உடனே இணைப்பு வாங்குங்கள். மழைத் தண்ணீரை அதில் விடாதீர்கள்.

* செப்டிக் டேங்க் லாரிக்காரர் கழிவை எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள். “அது அவர் பாடு” என்று விட்டுவிடாதீர்கள்.

* பொரித்த எண்ணெய், நாப்கின், காலாவதியான மாத்திரை எதையும் கக்கூஸில் போடாதீர்கள்.

* பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடாதீர்கள்.

* குடிதண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடியுங்கள். சீரகம் சேர்த்தால் சீரணத்துக்கு நல்லது. ஆனால் கிருமியைக் கொல்வது கொதிதான், சீரகம் இல்லை!

நாம் ஆற்றில் விடுவது கீழே இருக்கிற ஊரின் குடத்துக்குத்தான் போகிறது. நமக்கு மேலேயும் ஊர்கள் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள்.