1.8-ஐ 180 ஆக்கும் கட்டம்

பெருமாநல்லூர் பக்கம் பனியன் கம்பெனிகளில் வட்டமான ஒரு வெட்டுக்கருவி இருக்கும். துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் வில்லை கையில் வரும். அதை எடைபோட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. 1.8 கிராம் என்றால் 180.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கம்ப்யூட்டர் படிவத்தில் ஏற்றும்போது ஜிஎஸ்எம் கட்டத்தில் ஒருவர் 1.8 என்று அடிப்பார், இன்னொருவர் 18 என்பார். ஷிப்மென்ட் நெருக்கடியில் மெர்ச்சண்டைசர் தலையில் கைவைப்பார். அடித்தவரைத் திட்டிப் பயனில்லை. திருத்த வேண்டியது படிவத்தை.

மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் போன்ற கூட்டுப்பணித் தளத்தில் ஒரு பட்டியல் போட்டால், அதற்குரிய படிவத்தைத் தளமே தந்துவிடும். ரெடிமேட் சட்டை மாதிரி. உடம்புக்குப் பொருந்த ஆல்ட்ரேஷன் வேண்டும். அதைச் செய்யும் டெய்லர்தான் ஜாவாஸ்கிரிப்ட். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அவசரத் தையல்தான், ஆனால் இன்னும் பிரியவில்லை.

பிரவுசருக்கு ஒவ்வொரு கட்டமும் பெயருள்ள ஒரு பொருள். ஸ்கிரிப்ட் அந்தப் பெயரைச் சொல்லிக் கட்டத்தைப் பிடித்து, ‘எண் மாறினால் கூப்பிடு’ என்று காத்திருக்கும். எடைக் கட்டத்தில் 1.8 விழுந்ததும் பக்கத்துக் கட்டத்தில் 180 எழுதிப் பூட்டிவிடும். ‘கிரே துணி’ என்று தேர்ந்தெடுத்தால் ஷேடு கேட்கும் கட்டமே மறைந்துவிடும். சாயம் ஏறாத துணிக்கு எதற்கு ஷேடு? ஷேர்பாயிண்டின் பழைய படிவங்களில் ‘பிரீசேவ்ஆக்‌ஷன்’ என்ற பெயரில் சிறு நிரல் எழுதி வைத்தால், சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் தளம் முதலில் அதைக் கேட்கும். அது ‘கூடாது’ என்றால் பதிவு நடக்காது.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. கட்டத்தைத் தலைப்பை வைத்துப் பிடித்திருந்தால், யாரோ ‘எடை’யை ‘எடை கிராமில்’ என்று மாற்றிய அன்றே ஸ்கிரிப்ட் படுத்துவிடும். தலைப்பு மாறினாலும் தளத்துக்குள் இருக்கும் உள்பெயர் மாறாது. அதைப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று, இந்தக் காவல் படிவத்தின் வாசலில் மட்டும்தான். எக்செல் போன்ற அட்டவணைப் பார்வையில் நேராக எண்ணைத் திருத்துபவரை ஸ்கிரிப்ட் பார்ப்பதேயில்லை. ஆகவே ஜிஎஸ்எம் இன்ன எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்ற விதியைப் பட்டியலின் அமைப்பிலும் எழுதி வையுங்கள். அதைச் சர்வரே சரிபார்க்கும்.

பழைய ஸ்கிரிப்டை நம்பியிருப்பவர்கள் ஷேர்பாயிண்டின் புதிய வடிவப் படிவத்துக்கு மாறும்முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். அங்கே பிரீசேவ்ஆக்‌ஷனை யாரும் கூப்பிடுவதில்லை.