காற்று நாளில் அணை மீன்பிடிப்பு

அணைக்கரை ஊர்களில் வாழும் சிறு விவசாயிகளில் பலர் உழவோடு மீன்பிடித்தலையும் துணைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். ஆனி, ஆடி மாதங்களில் காற்றுக் காலம் வந்துவிட்டால் இவர்களுக்கு இரண்டு வகையான கவலை. பரிசலை இறக்கினால் உயிருக்கு ஆபத்து. இறக்காவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அணையில் வீசும் காற்று மீனின் இரையைக் கரையோரமாக ஒதுக்குகின்றது; இரையைத் தேடி மீனும் கரைக்கு வருகின்றது. ஆகவே காற்று நாளில் மீனைத் தேடி அணையின் நடுவே போக வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. இது எவ்வாறு நிகழ்கின்றது, இதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காற்றுக் காலமும் நமது அணைகளும்

தென்மேற்குப் பருவக்காற்று சூன் மாதம் முதல் செப்டம்பர் வரை வீசுகின்றது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையிலுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக இக்காற்று மிகுந்த வேகத்துடன் கிழக்கு நோக்கிப் பாய்கின்றது. உடுமலை, பல்லடம் பகுதிகளில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம். ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி ஆகிய அணைகள் இக்காற்றின் பாதையை ஒட்டி அமைந்துள்ளன.

1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றது. மேல்காற்று இதனைக் குறுக்காகக் கடந்து கிழக்குக் கரையை மோதும். 1955-இல் முடிக்கப்பட்ட பவானிசாகரில் ஆறு மேற்கிலிருந்து வருகின்றது; அணைக்கட்டு கிழக்கு ஓரத்தில் உள்ளது. அங்கு மேல்காற்று அலைகளை அணைக்கட்டை நோக்கித் தள்ளும். ஆனால் மலைகளுக்கு இடையே காற்று திசை மாறி வீசுவதும் உண்டு. ஆகவே உங்கள் ஊர்க் கரையில் காற்று எங்கிருந்து எங்கே போகின்றது என்பதை நீங்களே நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

மறைவுக் கரையும் அலைக் கரையும்

தண்ணீரைப் பார்த்து நில்லுங்கள். காற்று முதுகில் பட்டால் அது மறைவுக் கரை. முகத்தில் அடித்தால் அது அலைக் கரை. மறைவுக் கரையில் தண்ணீர் அமைதியாகத் தோன்றும். அங்கிருந்து காற்று புறப்பட்டு நீர்ப்பரப்பின் மேல் ஓட ஓட அலை வளர்ந்துகொண்டே போகும். காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது கடக்கும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் கூடினால் அலையின் உயரமும் கூடும்.

மறைவுக் கரையின் அமைதியைக் கண்டு பலர் ஏமாந்து போகின்றனர். புறப்படும் இடத்தில் சிற்றலை மட்டுமே இருக்கும். 1 கிலோமீட்டர் உள்ளே சென்றதும் பரிசலின் விளிம்பைத் தாண்டி நீர் தெறிக்கும். திரும்பி வர வேண்டுமென்றால் எதிர்காற்றில் துடுப்புப் போட வேண்டும். காற்றின் வேகம் 2 மடங்கானால் அது தள்ளும் விசை 4 மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது.

காற்று மீனை எவ்வாறு கரைக்குக் கொண்டு வருகின்றது?

காற்று மேல்நீரை அலைக் கரைக்குத் தள்ளுகின்றது. அங்கு சேர்ந்த நீர் அடிவழியாக மறைவுக் கரைக்குத் திரும்பி ஓடுகின்றது. இந்தச் சுழற்சியில் மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள், பூச்சிகள், சருகு, விதை முதலியன அலைக் கரையோரம் ஒதுங்குகின்றன. அலை கரையை அரிப்பதால் மண்ணுக்குள் இருக்கும் புழுக்களும் வெளிப்படுகின்றன. அலையில் காற்று கலப்பதால் நீரில் உயிர்க்காற்றும் மிகுகின்றது.

மேல்மட்டத்தில் மேயும் கட்லா மிதக்கும் நுண்ணுயிர்களைத் தேடி அங்கு வரும். நடுமட்டத்தில் மேயும் ரோகுவும், அடிமட்டத்தில் மேயும் மிருகாலும், ஜிலேபியும் கலங்கிய ஓரத்தில் இரை தேடும். சிறு மீன்கள் கூடினால் அவற்றைத் தின்ன வாளையும் பின்தொடரும். மேலும் கலங்கல் நீரில் மீனின் கண்ணுக்கு வலை எளிதில் தெரியாது. தெளிந்த நீரில் வலையைக் கண்டு விலகும் மீன், கலங்கலில் வந்து சிக்குகின்றது.

கரையோரம் கலங்கல் ஒரு பட்டை போலத் தெரியும். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் எல்லையே நல்ல இடம். ஒரே நாள் காற்றில் இது முழுமையாக அமையாமல் போகலாம். 2, 3 நாள் தொடர்ந்து ஒரே திசையில் காற்று வீசிய பின் கரையோரத்தில் இரையும் மீனும் நன்கு சேரும்.

காற்றை அளப்பது எப்படி?

கருவி ஏதும் தேவையில்லை. கரையிலுள்ள மரமும் தண்ணீருமே போதும்.

1. இலைகள் சலசலக்கும், முகத்தில் காற்று தெரியும். வேகம் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். பரிசல் செல்லலாம்.

2. இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடும். தண்ணீரில் ஆங்காங்கே வெள்ளை நுரை தோன்றும். வேகம் 12 முதல் 19 கிலோமீட்டர். கரையோரம் மட்டும் செல்லலாம்.

3. புழுதி பறக்கும்; சிறு கிளைகள் அசையும்; அலைத் தலைகள் பல வெளுத்துத் தெரியும். வேகம் 20 முதல் 28 கிலோமீட்டர். பரிசலை இறக்கக் கூடாது.

4. சிறு மரங்கள் முழுவதும் ஆடும். வேகம் 29 கிலோமீட்டருக்கு மேல். கரைக்கு வெளியே தண்ணீரில் ஒருவரும் இருக்கக் கூடாது.

பருவக்காற்றுக் காலத்திலும் பொதுவாக விடியற்காலையில் காற்று தணிந்திருக்கும். வெயில் ஏற ஏற வலுத்துப் பிற்பகலில் உச்சமடையும். மாலைக்குப் பின் மீண்டும் தணியும். நமது வேலையை இந்த ஒழுங்கிற்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

கோடை மழைக் காலக் காற்று வேறு வகையானது. கருமேகம் திரண்டு, திடீரென்று காற்று நின்று, பின்பு குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் சூறை வரும். இடியும் மின்னலும் கூட வரும். மேகம் திரளும்போதே கரையேறிவிட வேண்டும்.

செவுள் வலை இடும் முறை

1. காற்று தணிந்த மாலையில் வலையை இட்டு, மறுநாள் விடியலில் காற்று எழுமுன் எடுத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் செத்த மீன் விரைவில் கெட்டுவிடும் என்பதாலும் விடியலில் எடுப்பதே நல்லது.

2. வழக்கமாக இடும் வலையில் பாதி நீளம் போதும். நீண்ட வலை அலையில் முறுக்கிக்கொள்ளும். எடுக்கவும் நேரம் பிடிக்கும்.

3. வலையைக் காற்றுக்குக் குறுக்காக இடக் கூடாது. மேல்நீரின் ஓட்டம் அதனைப் பாய் போல உப்பச் செய்து கீழே சாய்த்துவிடும். காற்று ஓடும் திசையிலேயே, அதாவது அலைக் கரையிலிருந்து செங்குத்தாக உள்நோக்கி இட வேண்டும். கரையோரமாக மேய்ந்து செல்லும் மீனுக்கு இதுவே குறுக்கு வேலியாகவும் அமையும்.

4. ஒரு முனையைக் கரையில் முளை அடித்துக் கட்டுங்கள். மறு முனைக்குக் கனமான கல்லும், அடையாளத்திற்கு மிதப்புக் கட்டையும் வேண்டும். கல் கட்டும் கயிறு, அந்த இடத்து ஆழத்தைப் போல் குறைந்தது 3 மடங்கு நீளம் இருக்கட்டும். குட்டைக் கயிறானால் ஒவ்வோர் அலையும் கல்லைத் தூக்கி நகர்த்திவிடும்.

5. அடிக்கயிற்றில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஈயக் குண்டுகளைக் கோக்க வேண்டும்.

6. மூழ்கிய மரக்கட்டைகள் உள்ள இடத்தைத் தவிர்க்க வேண்டும். சிக்கிய வலையை விடுவிக்கப் பரிசலின் ஓரத்தில் எட்டிச் சாய்வது பெரும் ஆபத்து.

7. வலையை எடுக்கும்போது கரை முனையிலிருந்து தொடங்கி உள்நோக்கிச் செல்லுங்கள். காற்று எதிரே இருப்பதால் பரிசல் வலையின் மேல் ஏறாது. கடைசி முனையை எடுத்து முடித்ததும் கனத்த பரிசலைக் காற்றே கரைக்குக் கொண்டு வந்து சேர்க்கும். களைத்த கை எதிர்காற்றில் துடுப்புப் போட வேண்டியதில்லை.

வலைக்கண் அளவு மீன்வளத் துறை அனுமதித்த அளவிற்குக் குறையக் கூடாது. அணைக்குள் ஆறு சேரும் முகத்துவாரத்தில் புதுவெள்ளம் வரும் காலத்தில் வலை இடாதீர்கள். கெண்டை இனங்கள் இனப்பெருக்கத்திற்கு மேலேறும் காலம் அது. சினை மீனைப் பிடிப்பது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்.

பரிசல் இல்லாமல் கரையிலிருந்து

காற்று வலுத்த பிற்பகலில் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூண்டிலை எடுக்கலாம். முகத்தில் காற்று அடிக்கும்போது நெடுந்தூரம் வீச முடியாது, வீசவும் தேவையில்லை. மீன் கரையருகே வந்திருப்பதால் 5 முதல் 10 மீட்டர் தூரமே போதும். வழக்கத்தைவிடக் கனமான ஈயக் குண்டு கட்டி, தாழ்வாக வீசி, நரம்பைத் தளரவிடாமல் இழுத்துப் பிடியுங்கள். மண்புழு பல வகை மீனுக்கு ஏற்றது. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்த உருண்டை கெண்டை இனங்களுக்கு நல்ல இரை.

வீச்சு வலையை எதிர்காற்றில் வீசினால் அது விரியாமல் நம் மேலேயே வந்து விழும். ஆகவே கரை வளைந்து, காற்று பக்கவாட்டில் படும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். அணைக்கட்டின் கற்சரிவும் மதகின் அருகும் மீன்பிடிக்கத் தக்க இடங்கள் அல்ல. அங்கு நுழைவதற்குத் தடை உண்டு. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் அலை எழவிடாது. உங்கள் அணையில் மீன்பிடி உரிமை கூட்டுறவுச் சங்கத்திடமோ குத்தகையிலோ இருந்தால் தூண்டில் போடுவதற்கும் முன் அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

பரிசலில் செல்வோர் கவனிக்க வேண்டியவை

பரிசலுக்கு அடிக்கட்டை இல்லை. வட்டமாகவும் இலேசாகவும் இருப்பதால் காற்று அதனைத் தட்டு போலச் சுழற்றும். எனவே தனியே செல்லாமல் இருவராகச் செல்ல வேண்டும். உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டும். அது கிடைக்காதபோது, மூடி இறுக்கிய காலிக் கேன்களைப் பரிசலில் கட்டிக்கொள்ளலாம். 10 லிட்டர் கேன் ஏறக்குறைய 10 கிலோ எடையை நீரில் தாங்கும். ஆயினும் இது சட்டைக்கு ஈடாகாது. நீர் இறைக்க ஒரு குவளை, வளைய வைத்த நீளக் கயிறு, உபரித் துடுப்பு ஒன்று ஆகியவை எப்போதும் இருக்கட்டும். வலைக் கயிற்றை இடுப்பிலோ கையிலோ காலிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. எங்கே செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

நடுநீரில் காற்று பிடித்துக்கொண்டால் எதிர்த்துப் போராடாதீர்கள். பரிசலின் தரையில் தாழ உட்கார்ந்து, உள்ளே சேரும் நீரை இறைத்துக்கொண்டே, காற்றின் போக்கில் அலைக் கரை நோக்கிச் செல்லுங்கள். கயிற்றில் கல்லையோ நீர் நிறைந்த வாளியையோ கட்டிப் பின்னால் இழுபடவிட்டால் வேகம் குறையும்; சுழற்சியும் அடங்கும். கற்சரிவை விட்டுவிட்டு மண்கரையாகப் பார்த்து ஒதுங்க முயலுங்கள். கவிழ்ந்துவிட்டால் பரிசலைவிட்டு நீந்தக் கூடாது. மூங்கில் பரிசல் கவிழ்ந்தாலும் மிதக்கும். அதனைப் பற்றிக்கொண்டால் காற்றே கரை சேர்க்கும். கரை அருகே இருப்பதுபோல் தோன்றும் தூரமே பலரின் உயிரைக் குடித்துள்ளது.

வலையா, உயிரா?

காற்று நாளில் விபத்து பெரும்பாலும் மீன்பிடிக்கப் போவதால் மட்டும் நேர்வதில்லை. மாலையில் இட்ட வலை விடியலில் அலையில் கிடக்கின்றது. கடன் வாங்கி வாங்கிய நைலான் வலை. அதில் மீனும் இருக்கும். விட்டால் போய்விடுமே என்று ஒருவர் பரிசலை இறக்குகின்றார். இந்த ஒரு முடிவுதான் குடும்பத்தின் தலைவிதியை மாற்றிவிடுகின்றது. வலை கிழிந்தால் முடையலாம். போனால் அடுத்த பருவத்தில் வாங்கலாம். வலையின் ஒரு முனை கரை முளையில் கட்டியிருந்தால் பரிசல் இல்லாமலேயே அந்தப் பக்கத்து வலையைக் கரையிலிருந்து மெல்ல இழுத்துச் சேர்க்க முடியும். முளை அடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முழுவதும் இழுக்க முடியாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு, காற்று தணிந்ததும் தேடி எடுங்கள். எடுக்காமல் கைவிட்ட வலை நீருக்குள் கிடந்து மீனை வீணாகக் கொன்றுகொண்டே இருக்கும்.

எனவே உழவர் பெருமக்களே, முதல் நாள் மாலையில் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். விடியலில் மரத்தையும் தண்ணீரையும் பாருங்கள். புழுதி பறந்தால் பரிசல் கரையிலேயே இருக்கட்டும். தூண்டிலோடு அலைக் கரைக்கு நடந்து செல்லுங்கள். காற்று கொண்டு வரும் மீனைக் கரையில் நின்றே பெற்று, இடரின்றிப் பயனடைவீர்களாக.