தோட்டத்து மண் – 9: வெளியே தள்ளிய மண்

புல்தரையில் விடிந்ததும் தென்படும் குழி இரண்டு வகைப்படும். ஒன்று, குடியிருக்கப் பறித்த வளை. மற்றது, இரை தேடிக் கிளறிய பள்ளம். வளையில் ஆள் உள்ளேயே இருக்கும். பள்ளத்தைப் பறித்தது தின்றுவிட்டுப் போயிருக்கும். அது தேடி வந்த புழுவோ கிழங்கோ மண்ணுக்குள் இன்னும் மிச்சமிருக்கலாம். எது எந்த வகை என்பதைக் குழியின் வாயைவிட, அதிலிருந்து வெளியே வந்த மண்தான் தெளிவாகச் சொல்லும். எவ்வளவு மண், எந்தப் பக்கம், பொடியா உருண்டையா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வெளியே மண்ணே இல்லாத குழியும் உண்டு. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் கோடை வெடிப்பின் ஓரம் சரிந்து பொந்துபோலத் தெரியும். அதற்கு எந்த உயிரும் பொறுப்பல்ல.

மதுரைப் பக்கம் பொந்தைக் கண்டால் முதலில் எழும் பேச்சு பாம்பு. நல்ல பாம்பும் சாரையும் கண்ணாடி விரியனும் வளை பறிப்பதில்லை. எலி வளையிலோ கறையான் புற்றிலோ புகுந்துகொள்பவை. 'கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது' என்ற பழமொழி விலங்கியல்படியும் சரி. மண்ணுளிப் பாம்பு மட்டும் பொலபொலப்பான மண்ணுக்குள் முட்டிக்கொண்டு போகும். அதுவும் வாசலும் மண்மேடுமாக ஒரு வளையை விட்டுவைப்பதில்லை. ஆகவே பொந்து இருந்தால் அதைப் பறித்தது வேறொன்று. பாம்பு உள்ளே இருந்தால் அது இரண்டாவது குடித்தனம். கையை விட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்கு அந்தக் காரணம் போதும்.

ஆங்கிலத் தோட்டக்கலை நூல்களில் முதல் குற்றவாளி அகழெலி. தென்னிந்தியாவில் அது கிடையாது. இந்தியாவில் கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு. அந்த நூல்களின் படங்களில் உள்ளதுபோன்ற மண்குவியலை மதுரையில் எழுப்புவது வயலெலி. வரப்பைக் குடைவதால் வரப்பெலி என்றும் சொல்வார்கள். சோழவந்தானிலிருந்து மேலூர் வரை நெல் விளையும் இடமெல்லாம் இது உண்டு. வயல் வீட்டுமனை ஆனாலும் எலி காலிசெய்துகொண்டு போய்விடுவதில்லை. வண்டியூர்க் கண்மாயை ஒட்டிய குடியிருப்புகளின் புல்தரைகள் அதற்கு இன்னொரு வரப்புதான். வளையின் வாய் ஆறேழு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஆனால் பகலில் வாய் கண்ணில் படாது. உள்ளிருந்தபடியே மண்ணைத் தள்ளி அடைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. வெளியே தெரிவது பொடிமண் குவியல் மட்டும்; ஒன்றை அடுத்து ஒன்றாக நாலைந்து குவியல்கூட இருக்கும். அடியில் சுரங்கம் பல கிளையாகப் பிரியும். அறுவடைக் காலத்தில் நெற்கதிரை இழுத்துப்போய் உள்ளறைகளில் சேர்த்துவைப்பதால், வளையை வெட்டிக் கிலோக்கணக்கில் நெல் எடுப்பது கிராமங்களில் புதிதல்ல.

வளை புழக்கத்தில் இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மாலையில் குவியல்களைக் கலைத்து, எல்லா வாய்களையும் ஈரமண்ணால் பூசிவிட வேண்டும். காலையில் எவை திறந்திருக்கின்றன, எவற்றில் புதுமண் தள்ளியிருக்கிறது என்று எண்ணினால் போதும். வயலில் எலியைக் கணக்கெடுக்கவும் இதுவே முறை. சுற்றிலும் சாம்பலை மெல்லிசாகத் தூவிவைத்தால் கால்தடமும் பதியும். கோலமாவு கூடாது, அரிசிமாவுக்கு எறும்பு வந்து தடத்தை அழித்துவிடும். எலி உறுதியானால் மருந்துக்கு முன்னால் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறியை வைத்துப் பார்ப்பது நல்லது. நஞ்சு தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும். எலியைக் குறைக்கும் வேலையில் ஆந்தைக்கு ஈடு அந்த மருந்து அல்ல.

நகருக்குள் சாக்கடை ஓரத்திலும் சுற்றுச்சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டியும் கைமுட்டி நுழையும் அளவுக்குத் திறந்து கிடக்கும் பொந்து பெருச்சாளியுடையது. தெலுங்கில் இதற்குப் 'பன்றி எலி' என்று பொருள்படும் பந்திகொக்கு என்ற பெயர். அதைத்தான் ஆங்கிலேயர்கள் பாண்டிகூட் என்று எடுத்துக்கொண்டு, பிறகு ஆஸ்திரேலியாவில் கண்ட, எலியோடு உறவே இல்லாத வேறொரு விலங்குக்கும் சூட்டினார்கள்.

வாய்க்கால் பக்கத்து ஈர நிலத்தில் வட்டமான வாயைச் சுற்றிச் சேற்று உருண்டைகள் அடுக்கியிருந்தால் வயல் நண்டு. செம்மண்ணில் பிறைபோல வளைந்த வாய் தெரிந்தால் நட்டுவாக்காலி. அதையும் கிண்டிப் பார்க்க வேண்டாம். காய்ந்த பொடிமண்ணில் புனல் வடிவில், மண்ணே வெளியே குவியாமல் இருக்கும் சிறு குழிகள் குழியானையுடையவை. புல்லுக்கு அவற்றால் ஒரு தீங்கும் இல்லை. உமியும் விதைத்தோலும் வட்டமாகச் சிதறிய துளை, விதை சேர்க்கும் எறும்பின் வாசல். கறையானைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டியிருக்கிறது.

பூச்சிகளில் புல்தரையை உண்மையிலேயே கெடுப்பவை இரண்டு. முதலாவது பிள்ளைப்பூச்சி. தமிழ்ப் பேச்சில் ஒன்றும் தெரியாத அப்பாவிக்கு இதன் பெயரை வைத்திருக்கிறார்கள். மடியில் கட்டிக்கொண்டால் குடைந்துகொண்டே இருக்கும் என்ற வசவும் இதன் பேரில் உண்டு. தோட்டக்காரர் இரண்டாவதைத்தான் ஒப்புக்கொள்வார். முன்னங்கால்கள் மண்வெட்டிபோல அகன்றவை. இரவில் ஈரமண்ணில் மேலாகவே விரல் பருமனுக்குச் சுரங்கமிட்டுப் போகும். மேல்மண் கோடாக உப்பி, மிதித்தால் அமுங்கும், வேரறுந்த புல் காயும். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் இரண்டு கரண்டி கலந்து அந்த இடத்தில் ஊற்றினால், சில நிமிடங்களில் பூச்சி மேலே வந்துவிடும்.

இரண்டாவது வேர்ப்புழு. இது குழி பறிப்பதில்லை, பிறரைப் பறிக்கவைக்கும். ஏப்ரல், மே மாதத்துக் கோடைமழை நிலத்தை நனைத்ததும், மண்ணுக்குள் காத்திருந்த பழுப்பு வண்டுகள் அந்திசாயும் நேரத்தில் கூட்டமாக வெளியேறும். வேப்ப மரத்தில் இரவெல்லாம் இலை தின்று, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் அடுத்த சில மாதங்களுக்கு வேரைத் தின்னும். கடலைக்காட்டில் செடி வாடுவதுபோலவே புல்தரையிலும் திட்டுத்திட்டாக மஞ்சள் விழும். அந்தத் திட்டைப் பிடித்து இழுத்தால் பாய்போலச் சுருண்டு கையோடு வரும். அடியில் வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாகப் புழு வளைந்து கிடக்கும். மட்காத சாணத்தை உரமாகப் போட்ட இடத்தில் காண்டாமிருக வண்டின் புழுவும் இதே சாயலில், பல மடங்கு பெரிதாக இருக்கும். சந்தேகம் தீர, புழுவைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஒத்தக்கடையில் யானைமலைக்கு அருகே 1965ஆம் ஆண்டு முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரியில் காட்டலாம். வண்டைக் குறைக்க மழைக்குப் பிந்தைய இரவுகளில் வேப்பங்கிளையை உலுக்கி, விழுவதைப் பொறுக்கி அழிப்பதே பழைய வழி. இன்றும் அதைவிட மலிவானது இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புல்லிடையே குருணைபோல எழும் சிறு மண்மேடுகளைப் பார்த்து மருந்து தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவை மண்புழு கழித்த மண். சார்லஸ் டார்வின் 1881இல் மண்புழுக்களைப் பற்றி வெளியிட்ட நூலில், நீலகிரியிலிருந்து கிடைத்த பெரிய மண்புழுக் கழிவுகளையும் விவரித்திருக்கிறார். அந்த மேடுகளைத் துடைப்பத்தால் பரப்பிவிட்டால் அதுவே உரம்.

இனி, இரை தேடி வருபவை. கொண்டலாத்தி தன் நீண்ட அலகால் குத்திய இடம் பென்சில் துளைபோல இருக்கும். மைனாவும் காக்கையும் வேர்ப்புழு இருக்கும் திட்டில்தான் புல்லைப் பிய்த்துப் போடும். மயில் கோழியைப்போலக் காலால் சீய்க்கும். மண் குளிக்கும் இடத்தில் தாம்பாளம்போல ஒரு பள்ளம் விழும், பக்கத்தில் இறகு கிடக்கும். கீரி தோண்டுவது இரண்டு மூன்று விரல் அகலத்துக் கூம்புக் குழிகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரே இரவில் தரை உழுததுபோல நீளமாகப் புரண்டிருந்தால் பன்றி. அழகர்மலை, சிறுமலை அடிவாரத்துத் தோப்புகளில் காட்டுப்பன்றி; ஊருக்குள் என்றால் அவிழ்த்துவிட்ட வளர்ப்புப் பன்றி. இரண்டுமே கோரைக்கிழங்குக்கும் புழுவுக்கும்தான் வருகின்றன. கோரை மண்டிய புல்தரையே அடிக்கடி புரளும்.

எறும்புப் புற்றையும் கறையான் புற்றையும் குடைந்து, ஆழமாக நகக்கீறலோடு விட்டுப்போன குழி அரிதாகத் தென்பட்டால் அழுங்கு வந்திருக்கலாம். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் அழுங்கும் உண்டு. அழுங்கு, உடும்பு, மயில் மூன்றும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அவற்றுக்குக் கண்ணி வைப்பது குற்றம்.

நாய் எதையும் தேடித் தோண்டுவது குறைவு. சித்திரை வெயிலில் மர நிழலிலோ தண்ணீர்க் குழாயடியிலோ, மண் முழுவதும் ஒரே பக்கம் பின்னால் சிதறிய நிலையில், வளைந்து படுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அது தெருநாயின் படுக்கை. குழிக்குள் ரோமம் ஒட்டியிருக்கும். தொட்டால் மேல்மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும்.