தொண்டை அடைப்பான்: பெயரும் பொருளும்

டிப்தீரியாவைத் தமிழில் தொண்டை அடைப்பான் என்பர். இங்கே தொண்டைக்கரப்பன் என்றும் எழுதுவர். (வெறும் 'அடைப்பான்' மாடுகளுக்கு வரும் வேறு நோய். மாணவியரே, பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதீர்கள்!) கிரேக்கத்தில் 'டிஃப்தேரா' என்றால் பதனிட்ட தோல். நோயாளியின் தொண்டையில் சாம்பல் நிறமாய்த் தோல்போலப் படரும் சவ்வைக் கண்டே பிரான்ஸ் வைத்தியர் பிரெத்தோனோ 1826இல் அப்பெயரை இட்டார். நம் பெயரோ அடுத்து நடப்பதையே சொல்லிவிடுகிறது. சவ்வு மூச்சுப்பாதையை அடைக்கும். கிருமியின் நஞ்சு இதயத்தையும் தாக்கும். ஆகவே சாதாரண தொண்டை நோவுக்கு இச்சொல் பொருந்தாது.

உம்மாமாரே, 11 வயது நிறைந்ததும் பாடசாலையில் போடும் ஊசி இதற்கும் ஏற்புவலிக்கும் சேர்த்துத்தான். 'சின்ன வயதில் போட்டாச்சே' என்று மறுக்காதீர்கள். அந்த ஊசியின் காப்பு வருடங்கள் போகப் போகக் குறைந்துவிடும்.