படத்தில் தெரியாத கால்கள்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். இலக்கியம் எழுத நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சர்க்யூட்தான். நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் யாருக்காவது இது பயன்பட்டால் மகிழ்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் இறுதியாண்டு ப்ராஜெக்டாக, மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம் காட்டும் கருவி செய்தாள். நான்கு மிதவை சுவிட்சுகள், ஒரு 4093 ஐ.சி., நான்கு சிவப்பு விளக்குகள். தண்ணீர் ஒரு மட்டத்தைத் தொட்டால் அங்குள்ள சுவிட்ச் 5 வோல்ட் கொடுக்கும். அதற்குரிய விளக்கு அணையும். தொட்டி காலி என்றால் நான்கும் எரிய வேண்டும். படத்தைக் கீகேட் மென்பொருளில் வரைந்தாள். பிரான்சின் ழான்-பியர் ஷாரா 1992இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஐ.சி.யின் குறியீடு மட்டும் சீனியர் ஒருவர் கொடுத்த பழைய லைப்ரரியிலிருந்து எடுத்தது.

பிழை சோதனையை ஓட்டியதும் நாலைந்து எச்சரிக்கைகள் வந்தன. "பவர் கால் எதோடயும் சேரலன்னு சொல்லுதுப்பா" என்றாள். "அது எப்பவும் வர்றதுதாம்மா, விடு" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் தவறு.

பலகை தயாராகி வந்தது. லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பாகங்களைப் பொருத்தினோம். தொட்டி நிறைந்தபோது எல்லா விளக்கும் அணைந்திருந்தது; சரி. பாதியில் இருந்தபோது இரண்டு விளக்கு மங்கலாக எரிந்தது, ஏறக்குறைய சரி. காலியானபோது ஒன்றும் எரியவில்லை. கல்லூரியில் காட்ட மூன்றே நாள். "நீங்கதானேப்பா பார்த்து ஓகே சொன்னீங்க" என்று அழாத குறை.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐ.சி.யின் 14ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் செம்புக்கோடே போடப்படவில்லை. அதாவது ஐ.சி.க்கு மின்சாரமே இல்லை!

இது எப்படி நேர்ந்தது? ஒரு ஐ.சி.க்குள் நான்கு கேட்டுகள் இருக்கும். படத்தில் அவற்றைத் தனித்தனியாக வரைவோம். ஒவ்வொன்றிலும் பவர் கால்களையும் காட்டினால் படம் கோடுகளால் நிறைந்துவிடும். 1960களில் வந்த 7400 வரிசை ஐ.சி.களுக்கெல்லாம் 5 வோல்ட்தான். ஆகவே பவர் கால்களை மறைத்துவிட்டு, காலின் பெயர் எதுவோ அந்தப் பெயருள்ள இணைப்போடு தானாகச் சேர்த்துக்கொள்ளும்படி மென்பொருள்களில் வழி செய்தார்கள். காலின் பெயர் வி.சி.சி. என்றால், படத்தில் எங்கெல்லாம் வி.சி.சி. உண்டோ அங்கெல்லாம் சேரும்.

முகவரி இல்லாமல் பெயர் மட்டும் எழுதிய கடிதம் போன்றது இது. எங்கள் படத்தில் மின்சாரத்தின் பெயர் வி.சி.சி., கிரவுண்ட். 4093இன் மறைந்த கால்களின் பெயரோ வி.டி.டி., வி.எஸ்.எஸ். அந்தப் பெயரில் படத்தில் வேறு யாரும் இல்லை. ஒற்றைக் காலை எதோடு இணைப்பது? அதனால் பலகை வரையும்போதும் விடுபட்ட கோடு என்று எதுவும் தெரியவில்லை.

பிறகு பாதி மட்டத்தில் எப்படி எரிந்தது? இவ்வகை ஐ.சி.களில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் பாதுகாப்பு டயோடுகள் உண்டு. மூடிய சுவிட்சின் 5 வோல்ட் அந்த டயோடு வழியே உள்ளே நுழைந்து ஐ.சி.யை அரைகுறையாக இயக்கியது. காலியானால் எல்லாச் சுவிட்சும் திறந்துவிடும். அந்தத் திருட்டு மின்சாரமும் நின்றுவிடும். நிறைந்தபோது சரியாக இருந்ததும் தற்செயலே, ஐ.சி. செத்திருந்தாலும் விளக்கு அணைந்துதானே இருக்கும்!

இதைவிட மோசமானதும் நடக்கலாம். 3.3 வோல்ட் ஐ.சி.யின் மறைந்த காலுக்கு வி.சி.சி. என்று பெயர் இருந்து, உங்கள் படத்தில் வி.சி.சி. என்பது 5 வோல்ட்டாக இருந்தால், உங்களைக் கேட்காமலே இரண்டும் சேர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது நான்கு:

1. வெளியிலிருந்து பெற்ற குறியீட்டைப் பயன்படுத்துமுன் 'மறைந்த கால்களைக் காட்டு' என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

2. மறைந்த பவர் காலைக் குறியீட்டுத் திருத்தியில் வெளிப்படையாக்கி, கையால் கோடு போட்டு இணையுங்கள். கீகேட்டின் இன்றைய லைப்ரரியில் இத்தகைய ஐ.சி.களுக்குப் பவர் கால்கள் தனிப் பகுதியாகவே வருகின்றன; அதைப் படத்தில் வைக்க மறக்காதீர்கள்.

3. மின்சாரம் கனெக்டர் வழியே வந்தால், அது மின்சாரம் என்று மென்பொருளுக்குத் தெரியாது; வீண் எச்சரிக்கை வரும். அந்த இணைப்பில் பவர் கொடி வைத்தால் நிற்கும். வீண் எச்சரிக்கைகள் போனால்தான் உண்மையானது கண்ணில் படும்.

4. பலகை செய்யக் கொடுக்குமுன், ஒவ்வொரு ஐ.சி.யின் பவர் காலும் எந்த இணைப்பில் இருக்கிறது என்று தகவல் தாளோடு ஒப்பிடுங்கள்.

அன்றிரவு 14ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் இரண்டு மெல்லிய ஒயர்களைச் சால்டர் செய்தோம். காலித் தொட்டிக்கு நான்கு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. தேர்வாளர் அந்த ஒயர்களைப் பார்த்து, "இதென்ன?" என்று கேட்டாராம். நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். அதிகக் கேள்வி வந்தது அதைப் பற்றித்தான் என்றாள்.

அவள் இப்போது வேலையில் இருக்கிறாள். சோதனையில் எச்சரிக்கை ஒன்று வந்தாலும் காரணம் தெரியாமல் தாண்டுவதில்லை. நானும்தான்.