காலிக் கோப்பையில் சூடான டீ

சனிக்கிழமை மாலை. புதுச்சேரி பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்துக்குப் பக்கத்துப் படியில் என் மகள் கடை விரித்துவிட்டாள். சரக்கு என்று பார்த்தால் இரண்டு சொப்புக் கோப்பை, மூக்கு உடைந்த ஒரு சொப்புக் கெண்டி, நாலைந்து காய்ந்த இலைகள். வயது நாலு. கெண்டியைச் சாய்த்து இரண்டு கோப்பையிலும் ஊற்றினாள். ஒரு சொட்டும் விழவில்லை.

"ஆயி பாட்டி குடுத்த தண்ணியில போட்ட டீம்மா. சூடு. ஊதிக் குடி."

தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்காகக் குளம் வெட்டிய ஆயியின் கதையை வரும் வழியில்தான் சொல்லியிருந்தேன். அதற்குள் அது டீ ஆகிவிட்டது. வாங்கும்போது என் கை தட்டி ஒரு கோப்பை கவிழ்ந்தது. "கொட்டிட்டியே!" என்று பாவாடை நுனியால் படியை அழுத்தித் துடைத்தாள். பிறகு கவிழ்ந்த கோப்பையை மட்டும் மறுபடி நிரப்பினாள். மற்றதைத் தொடவில்லை. அது நிறைந்துதானே இருக்கிறது!

உளவியலாளர் ஆலன் லெஸ்லி சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையும் ஏறக்குறைய இதுதான். பொம்மைகளுக்கு விருந்து. காலிப் புட்டியிலிருந்து இரண்டு கோப்பைகளை நிரப்புவதாகப் பாவனை. பிறகு ஒன்றை மட்டும் தலைகீழாகக் கவிழ்த்து உதறிவிட்டு, பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, எது காலி என்று கேட்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி வறண்ட கோப்பைகள். இரண்டு வயதுக் குழந்தைகூடக் கவிழ்த்த கோப்பையைத்தான் காட்டும். இல்லாத திரவத்துக்கும் கொட்டினால் போய்விடும் என்ற விதி அதற்குத் தெரிந்திருக்கிறது.

லெஸ்லியை உறுத்திய கேள்வி வேறு. இரண்டு வயது என்பது சொற்களையும் பொருட்களையும் இப்போதுதான் கற்றுக்கொள்ளும் வயது. அந்த நேரத்தில் அம்மா வாழைப்பழத்தைக் காதில் வைத்து, "ஹலோ, பாட்டியா?" என்கிறாள். நியாயமாகப் பார்த்தால் குழந்தை குழம்ப வேண்டும். வாழைப்பழம் மணியடிக்கும் என்றோ, தொலைபேசியை உரித்துத் தின்னலாம் என்றோ மனத்தில் பதிந்துவிட வேண்டும். அப்படி ஆவதில்லை. 1987-இல் அவர் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் சொன்னது. பாவனையை மனம் நிஜத்தோடு கலக்கவிடாமல் தனியாகப் பிரித்து வைக்கிறது. பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறமையும் இதே ஏற்பாட்டிலிருந்து வருகிறது. அம்மா வாழைப்பழத்தைத் தொலைபேசியாக நினைத்துக்கொள்கிறாள் என்று புரிந்துகொள்வது ஒரு மனத்தைப் படிப்பதுதானே?

இந்த விளையாட்டை அதற்கும் முன்பே ஆழமாக யோசித்தவர் லெவ் விகோட்ஸ்கி. 1896-இல் ஓர்ஷா நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்களுக்குச் சொற்ப இடமே ஒதுக்கப்பட்டிருந்த மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1913-இல் குலுக்கலில் இடம் கிடைத்துப் படித்தார். 1933-இல் லெனின்கிராடில் குழந்தை விளையாட்டைப் பற்றி அவர் உரை நிகழ்த்தியபோது, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். சின்னவளுக்கு ஏறக்குறைய மூன்று வயது. அடுத்த ஆண்டே காசநோயில் இறந்துவிட்டார். வயது 37. அந்த உரை ரஷ்ய மொழியில் அச்சேற 1966 வரை ஆனது.

கோல் ஏன் குதிரையாகிறது என்று அந்த உரையில் கேட்கிறார். எதை வேண்டுமானாலும் குழந்தை குதிரையாக்கிவிடாது. கோல் குதிரையாகும், காரணம், இரண்டு காலுக்கு நடுவே வைத்து ஓடலாம். தபால் அட்டை ஆகாது. "குதிரை" என்ற பொருளை நிஜக் குதிரையிலிருந்து பிரித்தெடுக்கக் குழந்தைக்குப் பிடிமானம் ஒன்று வேண்டும், கோல் அந்தப் பிடிமானம் என்றார். அடுத்து அவர் காட்டும் உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐந்து வயதும் ஏழு வயதுமான அக்கா தங்கை இருவர், "வா, அக்கா தங்கச்சி விளையாடலாம்" என்கிறார்கள். நிஜத்தில் அவர்கள் அக்கா தங்கைதான். ஆனால் விளையாட்டில் கையைக் கோத்துக்கொள்கிறார்கள், ஒரே மாதிரி உடுத்துகிறார்கள், ஒரே மாதிரி பேசுகிறார்கள். மற்ற நேரம் யோசிக்காமலே வாழ்ந்துவிடும் உறவு, விளையாட்டில் விதியாகிறது. பாவனை என்றால் இஷ்டப்படி ஆடுவது என்று நாம் நினைக்கிறோம். அதற்குள் இருக்கும் கண்டிப்பு நம் கண்ணில் படுவதில்லை.

யூதக் குடும்பங்களின் வார ஓய்வுநாளான சபாத்தை வைத்து ஆடும் விளையாட்டிலும் இந்தக் கண்டிப்பைப் பார்க்கலாம். வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் மெழுகுவத்தி ஏற்றுவதில் தொடங்கி, சனி இரவு நட்சத்திரங்கள் தெரியும்வரை நீளும் நாள் அது. நியமமாகக் கடைப்பிடிக்கும் வீடுகளில் நெருப்பு மூட்டுவதில்லை, எழுதுவதில்லை, வேலை கிடையாது. இஸ்ரேலின் பாலர் பள்ளிகளில் வெள்ளிதோறும் அந்த விளையாட்டில் ஒரு சிறுமி "சபாத் அம்மா", ஒரு சிறுவன் "சபாத் அப்பா". அன்று அவர்கள் அம்மா அப்பாவாகவே நடந்துகொள்ள வேண்டும். நாலு வயதில் இது எவ்வளவு பெரிய பொறுப்பு!

    

குழந்தையின் கற்பனைக்கும் நிஜத்துக்கும் நடுவிலுள்ள சுவர் கெட்டியானதுதான், ஆனால் அதில் ஒரு சன்னல் உண்டு. பால் ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் காலிப் பெட்டியைக் காட்டி, உள்ளே ஒரு பூதம் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சும்மாதான் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பெரியவர் அறையைவிட்டுக் கிளம்பப் பார்த்தால் பயந்துபோன பிள்ளைகள் சிலர். தனியே இருக்கும்போது போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு. போன வாரம் எங்கள் வீட்டு மாடிப்படிக்கடியில் ஒரு புலியை உண்டாக்கியவள் என் மகள்தான். விளக்கு அணைந்ததும் அந்தப் பக்கம் போக மறுத்தவளும் அவளேதான்.

பாவனை விளையாட்டு அறிவை வளர்க்கும், படைப்பாற்றலைக் கூட்டும் என்று சொல்லிப் பொம்மை விற்கிறார்கள். 2013-இல் ஏஞ்சலின் லில்லார்டும் சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டு ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படி அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்றார்கள். எனக்கு இதில் ஏமாற்றமே இல்லை. நம் பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. மணலில் வீடு கட்டும் சிறுமியர், அதைக் காலால் அழித்துவிடாதே என்று பாட்டுடைத் தலைவனை வேண்டுவார்கள். மணல் வீட்டால் என்ன பயன் என்று அந்தப் புலவர்கள் கேட்கவில்லை. அழிக்காதே என்பதோடு சரி.

இருட்டத் தொடங்கியது. நம் ஊரில் சூரியன் ஊர்ப் பக்கம்தான் மறையும். கடல் பக்கத்து வானம் முதலில் கறுக்கும். கிளம்பலாம் என்றேன். கோப்பைகளை அப்படியே பையில் போட நான் கை நீட்டியதும் தடுத்தாள். மரத்தடிக்கு எடுத்துப் போய், நான் குடிக்காமல் மிச்சம் வைத்ததை வேரில் ஊற்றி, ஒவ்வொரு கோப்பையாக இரண்டு உதறு உதறினாள். பை நனையக் கூடாதாம்.